ஒற்றை மணி, இரட்டை மணி

எங்கள் வீட்டில் எல்லாப் பொருளும் ஓரளவுக்கு இருக்கிறது. தூக்கம் மட்டும்தான் பற்றாக்குறை.

அப்பா ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார். விடிகிற நேரத்தில் காதுவரை மாவோடு வீட்டுக்கு வருவார். அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறார். அப்பா உள்ளே வரும்போது அம்மா வெளியே கிளம்புவார். இருவரும் வாசலில் பார்த்துக்கொள்வார்கள், ஆளுக்கொரு கொட்டாவி விடுவார்கள், அவ்வளவுதான். நான் ஐந்தாம் வகுப்பு. எனக்கும் கொட்டாவி வரும். உடனே அப்பா என்னைத் தூங்குமூஞ்சி என்பார். இதைச் சொல்பவர் யார் தெரியுமா? சாப்பிடும்போது தட்டில் கையை வைத்தபடியே தூங்கிவிடுகிறவர்.

இந்த அழகில், அம்மாவுக்கு மாரத்தான் ஓட வேண்டுமாம்.

இந்த ஆசை எப்படி வந்தது என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். ஒருநாள் ஓட்டக்காரர்கள் கடந்து போவதற்காக அவருடைய பேருந்தை நாற்சந்தியில் நிறுத்திவிட்டார்கள். பயணிகள் எல்லாரும் முணுமுணுத்தார்களாம். அம்மா மட்டும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். எல்லாருக்கும் பின்னால் ஒரு குண்டு மனிதர் வந்தார். முகமெல்லாம் வியர்வை. ஆனால் சிரித்துக்கொண்டே ஓடினார். "நாள் முழுக்க உக்காந்தே இருக்கேன். எனக்கும் அப்படி ஒரு தடவை சிரிக்கணும்னு தோணுச்சு" என்பார் அம்மா.

போன வருடம் ஓடினார். நாற்பத்திரண்டு கிலோமீட்டரில் பாதிக்கு மேல் வந்தாகிவிட்டது. அப்புறம் கால் ஒத்துழைக்கவில்லை. நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் கடைசியில் வரும். அதில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அது போதாதா? மறுநாள் பணிமனையில் அம்மாவின் கூட்டாளிகள் ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்களாம். வேனில் டிக்கெட் எடுத்தாயா, ஜன்னல் ஓர இடம் கிடைத்ததா என்று கேட்டார்களாம். அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஷூவைப் பார்க்காமலேயே அதைத் தாண்டிப் போனார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை ஓடிப் பாக்குறேன். இந்த வாட்டியும் முடியலன்னா ஷூவைப் பரண்ல போட்டுருவேன்" என்று சொன்னார்.

அப்பா ஒரு நிபந்தனை போட்டார். இனிமேல் தனியாக ஓடக் கூடாது, கூட ஒரு ஆள் போக வேண்டும் என்றார். அப்பா போக முடியாது. இரவெல்லாம் அடுப்புக்கு முன்னால் நின்று அவருடைய கால் மரத்துப்போயிருக்கும். வீட்டில் மீதி இருப்பது யார்? நான்தான்.

ஆக, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும் போயிற்று.

சூரியன் எழுந்திருக்கும்போது நானும் எழுந்திருக்க வேண்டும். தண்ணீர்ப் புட்டியைச் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு அம்மாவின் பின்னாலேயே மிதிக்க வேண்டும். வெறுப்பாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஷூ சீக்கிரம் பரணுக்குப் போனால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

அம்மா எப்போதும் விருட்டென்று கிளம்புவார். பேருந்து ஓட்டுகிறவர்களின் பழக்கம் அது. சந்தைத் தெருவில் கூட்டம் சேர்வதற்குள் அந்தப் பக்கத்தைக் கடந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாள் முழுக்கத் தாமதம்தான். அதனால் காலையில் வண்டியை விரட்டிக்கொண்டு போவார்கள். ஓட்டத்திலும் அம்மா அதையே செய்தார். "முதல் பாதியை வேகமாத் தள்ளிட்டா, மீதியை எப்படியாவது ஒப்பேத்திரலாம்" என்பது அவருடைய கணக்கு.

பேசவும் மாட்டார். அவருடைய பேருந்தில் இருக்கைக்கு மேலே ஒரு பலகை உண்டு. 'வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்று எழுதியிருக்கும். அம்மா ஓடும்போதும் அந்தப் பலகை தலைக்கு மேலே தொங்குவதாகவே நினைத்துக்கொள்வார்.

வாய்க்கால் பாலம்வரை பறப்பார். அதற்குப் பிறகு முகம் வெளுத்துவிடும். வீட்டுக்குத் திரும்பும்போது காலை இழுத்துக்கொண்டுதான் வருவார். ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசல் நடையில் படுத்துவிடுவார். உள்ளே அப்பா, நடையில் அம்மா. வீடு முழுக்கக் குறட்டை. நான் ஒருத்தி மட்டும் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருப்பேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கதை போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முன்பெல்லாம் அம்மா படுக்கும்போது கதை சொல்வார். எல்லாம் அவரே கட்டிய கதைகள். கடைசியாகச் சொன்னது பேருந்தில் ஏறிய ஒட்டகச்சிவிங்கியின் கதை. அது உள்ளே நிற்க முடியாமல், கூரையில் இருக்கும் காற்றுத் திறப்பு வழியாகக் கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டது. டிக்கெட் கொடுப்பதற்கு நடத்துநர் கூரைமேல் ஏற வேண்டியதாயிற்று. வழியில் மரக்கிளைகளில் இருந்த இலையெல்லாம் காலி. இப்படியே போய்க்கொண்டிருந்தபோது எதிரே ஒரு மலை. மலைக்குள் சுரங்கப்பாதை. கழுத்தோ வெளியே.

"அப்புறம்?" என்று கேட்டேன். அம்மா தூங்கிவிட்டார்.

அடுத்த நாளும் சுரங்கம் வந்ததும் தூங்கிவிட்டார். அதற்கு அடுத்த நாள் பேருந்தே புறப்படவில்லை. பிறகு நான் கேட்பதையே விட்டுவிட்டேன். ஆனால் அந்த ஒட்டகச்சிவிங்கி என் தலைக்குள் சுரங்கத்துக்கு முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பாலத்தைக்கூடத் தாண்டவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

"என்னால ஆகாது போல இருக்கு" என்றார் கடைசியில்.

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அதை மறைப்பதற்காக, வாயில் வந்ததைக் கேட்டேன். "அந்த ஒட்டகச்சிவிங்கி முதல்ல எந்த நிறுத்தத்துல ஏறுச்சு?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து, மெதுவாக ஓடிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். உட்கார்ந்தே இருந்தால் கால் பிடித்துக்கொள்ளும் என்று ஓடினாரே தவிர, அதை ஓட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் பக்கத்தில் தள்ளாடித் தள்ளாடி மிதித்தேன். அவ்வளவு மெதுவாகச் சைக்கிள் ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வழியில் ஒரு பூனை குறுக்கே வந்தது. நான் சைக்கிள் மணியை ஒருமுறை அடித்தேன். பூனை அசையவில்லை. ஆனால் அம்மா சட்டென்று நின்றுவிட்டார்.

"ஏம்மா நின்னே?"

"மணி அடிச்சியே" என்றார் அம்மா. சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பேருந்தில் நடத்துநர் கயிற்றை இழுத்தால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் மணி அடிக்கும். ஒற்றை மணி என்றால் நிறுத்து. இரட்டை மணி என்றால் கிளம்பு. எத்தனையோ வருடங்களாக அம்மாவின் கால் அந்த மணிக்குக் கட்டுப்பட்டே பழகிவிட்டது. பழக்கதோஷம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா நடையில் படுக்கவில்லை. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். எனக்கு முட்டை வேகவைத்துக் கொடுத்தார். நான் முட்டையை உரித்துக்கொண்டே யோசித்தேன். போகும்போது பேசாமல் ஓடினார், பாலத்தில் உட்கார்ந்துவிட்டார். வரும்போது பேசிக்கொண்டே ஓடினார், முட்டை வேகவைக்கிறார். இதில் ஏதோ இருக்கிறது.

அடுத்த ஞாயிறு வாசலிலேயே சொல்லிவிட்டேன். "இனிமே நீ கதை சொல்லிக்கிட்டேதான் ஓடணும். மூச்சு வாங்கி வாக்கியம் பாதியில நின்னா, நான் ஒத்தை மணி அடிப்பேன். நீ வேகத்தைக் குறைக்கணும்."

"அப்படி ஓடினா ஆமை கூட என்னை முந்திட்டுப் போகும்."

"போகட்டும். ஆமைக்கு யாரு கதை சொல்றா?"

அம்மா அரைமனதோடுதான் ஒத்துக்கொண்டார். இரண்டு தெரு போவதற்குள் வேகம் ஏறிவிட்டது. "ஒட்டகச்சிவிங்கி சில்லறை" என்றார், மூச்சு வாங்கினார். மணி அடித்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே குறைத்தார். "சில்லறை தேடிச்சு, அதுக்குப் பையே" என்றார். மறுபடி மணி. அன்று முழுவதும் நான் மணி அடித்தபடியே இருந்தேன். தெருவில் இருந்தவர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

எல்லாவற்றையும்விட நாய்க்கார மாமாதான் அம்மாவைக் கடுப்பேற்றினார். அவர் தினமும் வாய்க்கால் கரையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர். கவனியுங்கள், நடப்பவர். நடந்துகொண்டே அம்மாவை முந்திப் போனார். போகும்போது அன்பாகத் தலையை வேறு ஆட்டினார். நாய் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு யாராவது முந்தினால் பிடிக்காது. அம்மாவின் தோள் முன்னால் சாய்ந்தது. நான் மணி அடித்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். வீடாக இருந்திருந்தால் திட்டு விழுந்திருக்கும். ஆனால் கால் கீழ்ப்படிந்தது.

அப்பா இதைக் கேள்விப்பட்டதும் எனக்குப் பெயரை மாற்றிவிட்டார். தூங்குமூஞ்சி போய், கண்டக்டரம்மா ஆகிவிட்டேன்.

இதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் ஆகவில்லை. வெயில் காலம் போயிற்று. மழைக்காலம் வந்தது. என் கூடையில் தண்ணீர்ப் புட்டிக்குப் பக்கத்தில் துண்டும் சேர்ந்தது. நாய்க்கார மாமா குடை பிடித்துக்கொண்டு அம்மாவை முந்தினார். ஒட்டகச்சிவிங்கி பல் வைத்தியரிடம் போய்வந்தது, தபால்காரராக வேலை பார்த்தது, மறுபடியும் பேருந்தில் ஏறியது. சுரங்கம் வரும்போதெல்லாம் அம்மா பேச்சை மாற்றிவிடுவார். இருவருக்கும் அலுப்புதான். சில நாள் ஷூவை மாட்டுவதற்கு முன்னால் அம்மா அதையே பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருப்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பிறகு இருவரும் எழுந்திருப்போம்.

நடுவில் ஒருநாள் பணிமனையில் யாரோ மறுபடியும் அந்த வேன் கதையை எடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று மாலை வேலை முடிந்ததும், என்னிடம் சொல்லாமல், மணி இல்லாமல், தன்னந்தனியாக ஓடினார். வெறிகொண்டு ஓடியிருப்பார் போல. கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வந்தார்.

காலுக்கு ஓய்வு கொடுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சில வாரங்கள் ஓட்டம் இல்லை.

எனக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டும். முதல் ஞாயிறு போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். ஆனால் சூரியன் வந்ததும் கண் தானாகத் திறந்துகொண்டது. எவ்வளவு புரண்டும் தூக்கம் வரவில்லை. எழுந்து வந்து பார்த்தால், நடையில் அம்மா விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷூ மடியில் இருந்தது. ஸ்டூல் பரணுக்குக் கீழே இருந்தது.

எனக்குப் பயமாகிவிட்டது. "அம்மா, அங்க வைக்காதே" என்றேன்.

"போதும்டி. எவ்வளவு நாளா ஓடுறோம். நாய்க்காரரைக் கூட முந்த முடியல. எனக்குச் சலிச்சுப்போச்சு. உனக்கும் தூக்கம் கெடுது."

"எனக்கும் சலிப்பாத்தான் இருக்கு. ஆனா நான் நிறுத்தச் சொல்லலையே. நீ ஓடாட்டி எனக்கு யாரு கதை சொல்லுவா? உன் பக்கத்துல வந்தாத்தான் நீ என்கூடப் பேசுறே. மத்த நாள்ல நீ தூங்குறே, இல்லாட்டி வண்டி ஓட்டுறே."

அம்மா என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். வெகுநேரம் ஒதுக்கிக்கொண்டே இருந்தார்.

"ஓட வேணாம். தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வரலாம். ஒட்டகச்சிவிங்கியும் அன்னைக்கு நடந்துதான் போச்சுன்னு வச்சுக்கோ" என்றேன்.

நடந்தோம். அடுத்த வாரம் பாலம்வரை நடந்தோம். அதற்குப் பிறகு கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. கோபத்தில் ஓடுவது என்பது அதோடு நின்றுபோயிற்று.

மாற்றம் எப்போது வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஒருநாள் வாய்க்கால் கரையில் அம்மா எதையோ சொல்லிக்கொண்டு வந்தார். ஒட்டகச்சிவிங்கிக்கு மப்ளர் பின்னுவதற்கு எத்தனை ஆடு வேண்டும் என்பது பற்றி. நான் "அப்புறம்?" என்று கேட்க வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மா தடங்கல் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்.

முன்னால் ஒரு நாயும் ஒரு மனிதரும் தெரிந்தார்கள். அருகில் வந்தார்கள். பிறகு பின்னால் போய்விட்டார்கள். அம்மா கதையை நிறுத்தவே இல்லை. போகிறபோக்கில் அன்பாகத் தலையை மட்டும் ஆட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். நாய் உட்கார்ந்துவிட்டது.

மாரத்தான் நாள் வந்தது. அப்பா வேலையிலிருந்து நேராக, மாவு அப்பிய சட்டையோடு வந்துவிட்டார். நான் தண்ணீர்ப் புட்டி, துண்டு, மணி எல்லாவற்றோடும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற காவலர் கையை நீட்டி மறித்தார். ஓடுபாதையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லையாம்.

இதை நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. சுற்றிலும் ஆயிரம் பேர் குதித்துக்கொண்டும் காலை உதறிக்கொண்டும் நின்றார்கள். எல்லாரும் வேகமாக ஓடக்கூடியவர்களாகத் தெரிந்தார்கள்.

"மணி இல்லாம எனக்கு அடங்கி ஓட வராது. இவங்க எல்லாம் கிளம்பினதும் நானும் பறந்துருவேன். போன வருஷம் மாதிரியே ஆயிடும்" என்றார் அம்மா மெல்லிய குரலில்.

நான் யோசித்தேன். மணி எதற்கு? வாக்கியம் உடைந்தால் சொல்வதற்கு. வாக்கியம் உடைவது கேட்கிறவர்களுக்கெல்லாம் தெரியுமே.

"அம்மா, பக்கத்துல ஓடுறவங்ககிட்டக் கதை சொல்லு. மூச்சு வாங்காம சொல்ல முடியிற வேகத்துல போ. அவங்க முந்திட்டாங்கன்னா விட்டுரு. அடுத்து வர்றவங்ககிட்டச் சொல்லு."

"தெரியாதவங்ககிட்டயா?"

"உன் பஸ்ல ஏறுறவங்க எல்லாம் தெரிஞ்சவங்களா?"

அம்மா கொஞ்சம் சிரித்தார். போவதற்கு முன் நான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து, "சுரங்கத்தை மட்டும் யாருக்கும் சொல்லாதே, அது எனக்கு" என்றேன்.

பிறகு காத்திருந்தோம். காத்திருப்பது ஓடுவதைவிட அலுப்பு என்று நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். வேகக்காரர்கள் வந்து முடித்தார்கள். அவர்களுக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வெயில் ஏறியது. அப்பா தடுப்பில் சாய்ந்து நின்றபடியே தூங்கினார். வந்தவர்கள் பதக்கத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்தார்கள். நான் சைக்கிளிலிருந்து கழற்றிய மணியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அது வியர்வையில் வழுக்கியது.

அப்போது அந்த வேன் வந்தது.

அப்பாவை எழுப்பவில்லை. நானே ஓடிப்போய் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். களைத்துப்போன முகங்கள். ஒருவர் காலில் பனிக்கட்டிப் பொட்டலம் வைத்திருந்தார். ஒரு பெண் கண்ணை மூடியிருந்தார். அம்மாவின் சட்டை நிறம். இல்லை, அது அம்மா இல்லை. கடைசி ஜன்னல்வரை பார்த்துவிட்டேன். அம்மா அதில் இல்லை.

அப்படியானால் எங்கே?

தெருவின் வளைவில் நான்கு பேர் தெரிந்தார்கள். ஒரு நெட்டை மனிதர், ஒரு கல்லூரி மாணவி, முழங்காலில் பட்டை கட்டிய ஒருவர். நடுவில் அம்மா. மூன்று பேரும் அம்மாவின் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு ஓடினார்கள். அம்மா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். கால் தள்ளாடியது, உதடு காய்ந்திருந்தது. ஆனால் வாய் ஓயவில்லை.

இத்தனை மாதமும் நான் ஒற்றை மணி மட்டும்தான் அடித்திருக்கிறேன். இப்போது மணியை உயர்த்திப் பிடித்து, பலம்கொண்ட மட்டும் அடித்தேன்.

இரட்டை மணி.

அம்மா நிமிர்ந்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை, முதலில் கால்தான் கேட்டது. வேகம் எடுத்தது. மீதி மூன்று பேரும் திகைத்துப்போய்ப் பின்னாலேயே ஓடி வந்தார்கள். முடிவுக் கோட்டைத் தாண்டும்போது அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். எதற்கு அழுகிறாய் என்று அப்பா கேட்டார். அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது. மாவு பட்டுவிட்டதாம்.

நெட்டை மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டே அம்மாவிடம் வந்தார். "அக்கா, சுரங்கத்துல என்னதான் ஆச்சு? முடிஞ்சதும் சொல்றேன்னீங்களே" என்றார். கல்லூரி மாணவியும் தரையில் உட்கார்ந்துகொண்டார். அதைக் கேட்கத்தான் அவர்கள் வேனில் ஏறாமல் வந்தார்களாம்.

அம்மா என்னைப் பார்த்தார். "உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கே தெரியாது. அதனாலதான் அந்த இடம் வந்தாலே தூங்கிருவேன். கடைசி மேட்டுல ஏறும்போதுதான் தெரிஞ்சுது."

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒட்டகச்சிவிங்கி இறங்கிக்கிச்சு. மலை மேல ஏறி, மெதுவா நடந்து, அந்தப் பக்கம் இறங்குச்சு."

"பஸ் அதை விட்டுட்டுப் போயிடுச்சா?"

"போகல. சுரங்கத்தைத் தாண்டி நின்னு, காத்துக்கிட்டே இருந்துச்சு. அதோட கண்டக்டரம்மா கையில மணியை வச்சுக்கிட்டு நின்னா" என்றார் அம்மா.

வீட்டுக்குப் பேருந்தில் திரும்பினோம். சைக்கிளை நடத்துநரே பின்னால் ஏற்றி வைத்துவிட்டார். வண்டியை ஓட்டியவர் அம்மாவின் கூட்டாளிதான், வேன் டிக்கெட் கிண்டலை ஆரம்பித்தவரே அவர்தான். அம்மாவின் கழுத்தில் இருந்த பதக்கத்தைப் பார்த்தார். ஜன்னல் ஓர இடத்தைக் காலி செய்யச் சொல்லி அம்மாவை உட்காரவைத்தார். வண்டி கிளம்புவதற்குள் அப்பா தூங்கிவிட்டார். அம்மாவும் தூங்கிவிட்டார். நான் விழித்திருக்க நினைத்தேன், முடியவில்லை.

எங்கள் நிறுத்தம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அவர்கள் எங்களை எழுப்பவே இல்லை. கடைசி நிறுத்தம்வரை போய், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, எங்கள் தெரு முனையில், நிறுத்தமே இல்லாத இடத்தில், நடத்துநர் ஒற்றை மணி அடித்தார்.

நான் கண் விழித்தேன். பக்கத்தில் அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்திலேயே அவருடைய வலது கால் மட்டும் பிரேக்கை மிதித்தது.